பிலிம் கம்பெனிகள் படுத்த கதை: நீங்கள் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்

நீலகிரி மைந்தன்:
ஊட்டி இந்து நகர் பக்கம் போனவர்களுக்கு எச்.பி.எஃப், அதாவது மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி என்றால் விளக்க வேண்டியதில்லை. அப்பா அங்கே பிலிமில் ரசாயனம் பூசும் கோட்டிங் செக்‌ஷன். நான் சொல்ல வந்தது அவருடைய நண்பர் ஒருவரைப் பற்றி, அவரும் அதே ஷிஃப்ட். போன மழைக்காலத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் செல்போனைத் தேடித் தடவிக்கொண்டிருக்க, அவர் எழுந்து, நடுவில் கிடந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போய், அலமாரியிலிருந்து மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டார். எதிலும் இடிக்கவில்லை, எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. பகலில் பேப்பர் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும் அவருக்கு. அப்பா மட்டும் ஆச்சரியப்படவில்லை, "நம்ம ஆளுங்க எல்லாரும் இப்படித்தான்" என்றார். எல்லா நிற ஒளியும் பதியும் பான் பிலிம் ஓடும்போது சிவப்பு விளக்குகூடக் கூடாது, முழு இருட்டு, எதிரே வருகிறவருக்குத் தெரிய குரல் கொடுத்துக்கொண்டே நடப்பார்களாம். அவர் உடம்பு கற்றுவைத்த அந்த வித்தைக்கு இனி எங்கேயும் வேலை இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. 1960இல் ஆரம்பித்து 1967இல் உற்பத்திக்கு வந்த கம்பெனி. டிஜிட்டல் வந்தது, எல்லாம் போச்சு.

எக்ஸ்ரே ரூம் செல்வி:
நான் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீசியனாக இருந்து ரிட்டயர் ஆனவள். எங்களுக்கு வந்ததும் எச்.பி.எஃப்பின் இந்து பிலிம்தான். டார்க் ரூமில் ஹேங்கரில் மாட்டி டெவலப்பரில் இறக்கி, நேரம் பார்த்து எடுத்து, தண்ணீரில் அலசி, ஃபிக்ஸரில் போட்டு, ஃபேன் காற்றில் காயவைத்துக் கொடுத்த காலம். ஃபிக்ஸர் பழசானால் அதையும் கொட்ட மாட்டோம், அதில் இறங்கியிருக்கும் வெள்ளிக்காக ஏலம் எடுக்க ஆள் வரும். கடைசியில் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்த வாரம் அந்த ஏலக்காரர் வழக்கம்போல பிளாஸ்டிக் கேனோடு வந்து நின்றார். இனி ஃபிக்ஸரே கிடையாது என்றேன். நம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார், தொட்டி காலியாக, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. "அப்ப படம் எதுலம்மா விழும்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் முகம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

வரவு செலவு:
நீலகிரி மைந்தன் தம்பி, உங்கள் அப்பா மேல் எனக்குப் பெரிய மரியாதை, ஆனால் கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியாது. எச்.பி.எஃப்பை டிஜிட்டல் கொல்லவில்லை. நான் ஆடிட் ஆபீஸில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எங்கள் சீனியர் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை மேஜையில் போட்டு, "எந்த வரியில நோய் இருக்கு, கண்டுபிடி" என்றார். சம்பளம், மூலப்பொருள் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் பென்சிலால் ஒரே ஒரு வரியைச் சுழித்தார்: வட்டி. நஷ்டத்தில் பெரும்பகுதி அதுதான், விற்பனை அதன் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை. பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்கென்று பெரிய பிளான்ட் போட, கடன் வாங்கினார்கள். அதே சமயம் 1991க்கு அப்புறம் இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து, வெளிநாட்டு பிலிம் மலிவாக உள்ளே வந்தது. நலிந்த நிறுவனம் என்று பி.ஐ.எஃப்.ஆர், அதாவது நலிந்த கம்பெனிகளைக் கவனிக்கும் மத்திய அரசு வாரியம், அறிவித்தது 1996இல். அப்போது நம் ஊரில் யார் கையில் டிஜிட்டல் கேமரா இருந்தது? மூடிவிடலாம் என்று அதே பி.ஐ.எஃப்.ஆர் சொன்னது 2003இல். அப்புறமும் இழுத்துக்கொண்டே போய், 2014இல்தான் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இடையில் அத்தனை வருஷமும் வட்டிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. தொழிலாளி இருட்டில் சரியாகத்தான் நடந்தான். டெக்னாலஜி மேல் பழியைப் போட்டால் கடன் முடிவெடுத்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மதுரை கலர் லேப்:
வட்டி என்றதும் வயிற்றைக் கலக்குகிறது. பேங்க் கடனில் மினிலேப் மெஷின் போட்டவன் நான். முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் காலையில் ரோல் கழுவ வரிசை நிற்கும், கோடாக், ஃபூஜி, கோனிகா எல்லாம் கலந்து வரும், ஆனால் பாதிப் பேர் கையில் மஞ்சள் டப்பாதான். கோடாக்கின் கேபி10 கேமரா இல்லாத வீடு எங்கள் தெருவில் கம்மி. ஒரு நாள் ரெகுலர் கஸ்டமர் ஒருவர், குழந்தை பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என்னிடம் பிரிண்ட் போட்டவர், கடைக்கு வந்து செல்போனை நீட்டி "எப்படி வந்திருக்கு பாருங்கண்ணே" என்று காட்டினார். நல்ல படம். பிரிண்ட் போடவா என்றேன். "எதுக்குண்ணே, அதான் இதுல இருக்கே" என்றார். அவ்வளவுதான். மெஷின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்தால் பீரோவில் துணிக்கு நடுவில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், படம் பதிந்திருக்கும் பூச்சு, அதாவது இமல்ஷன், உரிந்து வந்துவிடும். புளித்த வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அடிப்படலமான பேஸ் கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதை உடனே தனியாகப் பிரித்து வையுங்கள், நன்றாக இருப்பதோடு சேர்த்து வைக்கக் கூடாது. வெள்ளைக் காட்டன் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, அமிலமில்லாத பேப்பர் கவருக்கு மாற்றி, ஈரம் படாத இடத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஸ்கேன் பண்ணும்போது கடைக்காரர் ஜேபெக் மட்டும் கொடுத்தால் தரம் குறையாத டிஃப் ஃபைலும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் பண்ணியாயிற்று என்று நெகட்டிவைத் தூக்கிப்போடவும் வேண்டாம். கோடாக் காரன் 1975லேயே டிஜிட்டல் கேமரா கண்டுபிடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினான், அந்தக் கொழுப்புதான் அவனை அழித்தது, நாம் அப்படி எதையும் பூட்டி வைத்து மறக்கக் கூடாது.

ராச்செஸ்டர் மனோ:
மதுரை அண்ணே, நெகட்டிவ் விஷயம் எல்லாம் சரி, கடைசி வரி பாதிதான் உண்மை. வேலைக்காக அமெரிக்காவில், கோடாக்கின் சொந்த ஊரான ராச்செஸ்டரில் இருந்தபோது என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அவர்கள் தொழிற்சாலையான கோடாக் பார்க்கில் வேலை பார்த்தவர். 1980களின் தொடக்கத்தில் அந்த ஊரில் மட்டும் 60,000 பேருக்கு மேல் கோடாக் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். மார்ச் மாதம் போனஸ் வரும், அந்த வாரம் கார் விற்பவர்களும் ஃபர்னிச்சர் கடைக்காரர்களும் அதை நம்பியே விளம்பரம் கொடுப்பார்களாம். நம் தீபாவளி போனஸ் மாதிரி. 2007இல் அங்கே பழைய கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதைப் பார்க்கப் போனதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற யாரோ கை தட்டினார்களாம். இவர் தன் பழைய தளத்தின் ஜன்னல் எதுவென்று எண்ணிக்கொண்டிருந்தாராம், எண்ணி முடிப்பதற்குள் விழுந்துவிட்டது. சொல்லும்போது விரலால் காற்றில் ஒவ்வொரு ஜன்னலாகத் தொட்டுக் காட்டினார். அந்த விரல்தான் எனக்கு மறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோடாக் இன்ஜினியர் ஸ்டீவ் சாசன் 1975இல் செய்த டிஜிட்டல் கேமரா மூன்றரை கிலோவுக்கு மேல் எடை, 10,000 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி. அதை அன்றைக்கே விற்றிருக்க முடியாது. 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடாக்தான் முதலிடம், அதாவது தூங்கவில்லை. ஆனால் பிலிமில் ஒரு தடவை கேமரா வாங்கியவன் ஆயுசுக்கும் ரோல், கெமிக்கல், பேப்பர் என்று காசு கொடுத்துக்கொண்டே இருப்பான். டிஜிட்டலில் கேமராவோடு முடிந்தது, அதிலும் லாபம் சொற்பம். அப்புறம் போன் வந்து அதையும் தின்றது. ஃபூஜி தன் ரசாயன அறிவை வைத்து எல்சிடி திரைக்கான படலம், முகத்துக்கு க்ரீம், மருத்துவக் கருவி என்று பிரிந்து போனது. கோடாக் நேர்மாறு. ஈஸ்ட்மன் கெமிக்கலை 1994இல் தனியாகப் பிரித்துவிட்டார்கள். 2007இல் எக்ஸ்ரே உள்ளிட்ட மருத்துவப் பிரிவையும் விற்றார்கள், செல்வி அம்மாவுக்கு இன்றைய கேர்ஸ்ட்ரீம் தெரிந்திருக்கும், அதுதான். 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும்போது கையில் மிஞ்சிய பெரிய சொத்து பேட்டன்ட்டுகள். அதையும் 50 கோடி டாலர் சொச்சத்துக்குத்தான் விற்க முடிந்தது. கைவசம் இருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றதுதான் கோபம் வரவழைக்கிறது.

எக்ஸ்ரே ரூம் செல்வி:
கேர்ஸ்ட்ரீம் பெட்டி தெரியாமலா தம்பி. அது கோடாக்கின் பிள்ளை என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். என்னிடம் இந்து எக்ஸ்ரே பிலிமின் காலி அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது, வீட்டில் ரசீதுகள் போட்டு வைக்கிறேன்.

நீலகிரி மைந்தன்:
வட்டி விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன் வரவு செலவு சார், "அந்த ஆள் சொல்றது சரிதான்" என்றார். செல்வி அம்மா, அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் நம்பர் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். எந்த வருஷச் சரக்கு என்று அப்பா பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்.