தொட்டியில் அலை குறுகவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

கடலூர் முதுநகரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆழம் குறைந்தால் அலை மெதுவாகும் என்று காட்ட வேண்டும். (தேவனாம்பட்டினம் கரையில் பிள்ளைகள் தினமும் பார்ப்பதுதான்.) கண்ணாடி அடித்தட்டுள்ள தொட்டி, 60 செ.மீ. நீளம், தண்ணீர் 1 செ.மீ. மேலே எல்இடி விளக்கு, கீழே வெள்ளைத்தாள். பொம்மைக் கார் மோட்டார் நொடிக்குச் சுமார் 20 அலை எழுப்புகிறது. நடுவில் 6 மி.மீ. கண்ணாடி வைத்தேன், அதன் மேல் 4 மி.மீ. தண்ணீர்தான். வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்றால், அலைநீளம் மூன்றில் இரண்டு பங்காகவாவது குறுக வேண்டுமே? ஒரு வாரமாக அசையவில்லை.

ஓரங்களில் ஸ்பாஞ்ச் ஒட்டினேன், சுவரில் பட்டுத் திரும்பும் அலை அடங்கியது. ரசமட்டம் வைத்துச் சமன் செய்தேன். விளக்கையும் மாற்றியாயிற்று. நிழல் தெளிவு, சந்தில் அலை வளைவதுகூட அழகாகத் தெரிகிறது.

மோட்டார் வேகத்தைக் குறைப்பதா, கண்ணாடி மேல் தண்ணீரை இன்னும் குறைப்பதா?