தடுப்பூசிக்குப் பிறகு இதயத் தசை வீக்கம்: அமெரிக்க ராணுவத்தில் இழப்பீட்டு கிளெய்ம் போட்டவர்கள் யாராவது?

வணக்கம். என் அக்கா மகன் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான். 2021 ஆகஸ்ட்டில் கோவிட் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியதும் எல்லோரையும்போல அவனும் போட்டுக்கொண்டான், இரண்டாவது டோஸ் போட்ட மூன்றாம் நாள் ராத்திரி நெஞ்சு வலி, படுத்தால் கூடுகிறது, எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் புரதம்) எகிறியிருந்தது. எம்ஆர்ஐ எடுத்துவிட்டு மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை வீக்கம் என்றார்கள். மாதக்கணக்கில் ஓடக்கூடாது, எடை தூக்கக்கூடாது.

தடுப்பூசி நல்லதா கெட்டதா என்ற சண்டையை தயவுசெய்து இங்கே ஆரம்பிக்காதீர்கள். இது அரிதுதான். ராணுவ மருத்துவர்களே 2021 ஜூனில் வெளியிட்ட ஆய்வில் 28 லட்சம் டோஸுக்கு 23 பேர், எல்லோரும் ஆண்கள், பெரும்பாலோருக்கு இரண்டாவது டோஸுக்குப் பிறகு. கட்டாயத்தை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், ஊசி மறுத்து வெளியேற்றப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்க 2025-ல் உத்தரவும் வந்தது. சொன்னபடி போட்டுக்கொண்டு அவதிப்படுகிறவனுக்குத்தான் வழி தெரியவில்லை.

இப்போது பணியிலிருந்து வெளியே வரப்போகிறான். விஏ (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை) கிளெய்மை வெளியேறும் தேதிக்கு 180 முதல் 90 நாள் முன்பே போடலாம், அது சரி. ஆனால் அவனுடைய மருத்துவக் குறிப்பில் நோயின் பெயர் இருக்கிறது, ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோய்க்கும் ஊசிக்கும் உள்ள தொடர்பை எழுதித் தரும் கடிதத்தை யாரிடம் வாங்கினீர்கள், இதய மருத்துவரிடமா? பழைய எம்ஆர்ஐ போதுமா, புதிதாக எடுக்கச் சொன்னார்களா? அனுபவப்பட்டவர்கள் இன்பாக்ஸில் வந்தாலும் சரி.