வியட்நாம் அரக்கு ஓவியம்: கையெழுத்தை நம்பலாமா?

உவர்மலை வாசகி:
வணக்கம். என் மாமா ஹனோயிலிருந்து கொண்டுவந்த அரக்குப் பலகை ஒன்றில் வியட்நாமிய அரக்கு ஓவியர் நுயென் கியா திரியின் கையெழுத்து இருக்கிறது. முட்டை ஓட்டுத் துண்டுகள் பதித்த, பெண்ணின் மேலாடை விரலில் மேடாகத் தட்டுப்படுகிறது. இதை உண்மையானதென்று விற்கலாமா?

நிலாவெளி:
அரக்கு என்றதும் நாம் மாத்தளையின் பூச்சி அரக்கு வேலையையே நினைக்கிறோம். வியட்நாமில் பயன்படுவதோ மரத்தின் பால். அதனைப் படைபடையாகப் பூசி, ஈரக்காற்றில் உலரவிட்டு, நீர்விட்டுத் தேய்த்தே அடியிலுள்ள பொன், வெள்ளித் தாள்களை வெளிக்கொணர்வார்கள். அவ்வாறு தேய்த்த பரப்பு பெரும்பாலும் சமமாக இருக்கும் என்பதால், உங்கள் பலகையின் மேடு எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. ஆயினும் அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

குடாக்கரை:
1908 இல் பிறந்து 1993 இல் மறைந்த நுயென் கியா திரி, இருபது ஆண்டுகள் உழைத்து 1989 இல் முடித்த ‘வசந்தத் தோட்டம்’ என்ற 9 பலகை அரக்கு ஓவியம் 2013 இல் வியட்நாமின் தேசியப் பொக்கிஷமாயிற்று. இத்தகைய பெயர்களைச் சுற்றிப் போலிகள் மலிவது இயல்பு. 2016 இல் ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் வியட்நாமியப் பெரும் ஓவியர்களின் பெயரில் காட்சிக்கு வைத்த 17 ஓவியங்களும் அவர்களுடையவை அல்ல என்று தெரியவந்தது. ஆகவே, பலகை யாரிடமிருந்து எப்போது கைமாறியது என்பதைக் காட்டும் பத்திரங்களே விலையைத் தீர்மானிக்கும். மாமாவிடம் பற்றுச்சீட்டு உண்டா?

உவர்மலை வாசகி:
ஒரு கடைச்சீட்டு உண்டு. ஓவியரின் பெயர் அதில் இல்லை. கடற்காற்றில் உப்புப் படிந்துள்ளது, சவர்க்காரத்தால் துடைக்கலாமா?

குடாக்கரை:
வேண்டவே வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவமும் மணல்தாளும் கொண்டு துப்புரவு செய்ததால்தான் அந்த வசந்தத் தோட்டமே சேதமுற்றது. உலர்ந்த மென்துணி போதும்.