பிரெஞ்சு ஹார்ன் சாமான்கள்: எதை முதலில் வாங்குவது?

நாலாம் ஹார்ன்:
வணக்கம். ஒன்பது வருஷமாகத் தொடாமல் கிடந்த டபுள் ஹார்னை (எஃப், பி ஃபிளாட் என்று இரண்டு பக்கக் குழாய்கள் உள்ள பிரெஞ்சு ஹார்ன்) போன மாதம்தான் பெட்டியிலிருந்து எடுத்தேன். மூன்றாவது வால்வை அழுத்தினால் சோம்பலாகத் திரும்பி வருகிறது, எஃப் பக்கத்து ஸ்லைடு (இழுத்துக் கழற்றக்கூடிய வளைந்த குழாய்) ஒன்று அசையவே மாட்டேன் என்கிறது, பழைய எண்ணெய்க் குப்பியும் பிசினாகிவிட்டது. கடையில் பார்த்தால் எண்ணெயிலேயே நாலைந்து வகை இருக்கிறது, எது எதற்கு என்று புரியவில்லை. அப்புறம், எனக்கு ஊத நேரம் கிடைப்பது வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான், அதனால் ஒலியை அடக்க ஹார்ன் வாயில் செருகும் மியூட்டும் வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்க முடியாது. எதிலிருந்து தொடங்கலாம்?

ரோட்டரி:
முதலில் எண்ணெய், மற்றதெல்லாம் அப்புறம். ஒட்டிக்கொண்ட ஸ்லைடைத் தயவுசெய்து பலமாக இழுக்காதீர்கள், இடுக்கியை எடுக்கவே வேண்டாம், குழாய் நெளிந்தால் செலவு பல மடங்கு ஆகிவிடும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் பக்குவமாகக் கழற்றித் தருவார்.

உங்களுக்குத் தேவை மூன்றே பொருள்: ரோட்டருக்கு (வால்வுக்குள் சுழலும் பகுதி) மெல்லிய எண்ணெய், அச்சுக்கும் லீவர் மூட்டுகளுக்கும் கொஞ்சம் கெட்டியான எண்ணெய், ஸ்லைடுக்கு கிரீஸ். மெல்லிய எண்ணெயை ஸ்லைடு குழாய் வழியாக விடும்போது வழியில் இருக்கும் கிரீஸை அது கழுவிக்கொண்டு ரோட்டருக்குள் போய்விடக் கூடாது, அப்படிப் போனால்தான் வால்வு மந்தமாகும். நான் ஸ்லைடைக் கழற்றி அதன் காலுக்குள் (ஹார்னில் செருகும் முனைக்குள்) நாலு சொட்டு விட்டு, கால்கள் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொண்டே ஹார்னில் மாட்டிவிட்டு, பிறகுதான் ஹார்னைத் திருப்புவேன். கெட்டி எண்ணெய்க்கு வால்வு மூடியைத் திறந்தால் நடுவில் சின்ன வட்டமாக அச்சு தெரியும், அங்கே ஒரு சொட்டு. மறுபக்கத்தில் அச்சு வெளியே வரும் இடத்திலும் ஒரு சொட்டு. இந்தப் பின்பக்கத்தை நான் இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்டு, மெதுவான பகுதிகளில் வால்வு டக் டக் என்று கேட்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இன்னொன்று, ஸ்லைடை இழுக்கும்போது அதற்குரிய வால்வை அழுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உள்ளே காற்று இழுபட்டு டப்பென்று சத்தம் வரும். உங்கள் ஹார்ன், லீவரையும் வால்வையும் நூலால் இணைத்துக் கட்டிய வகை என்றால் வால்வு நூலும் கொஞ்சம் வாங்கி வையுங்கள். அவிழ்க்கும் முன் பக்கத்து வால்வில் நூல் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டால் கட்டுவது சுலபம்.

அதிகாலை ஊதல்:
மியூட் விஷயத்தில் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கச்சேரிக்கான ஸ்ட்ரெய்ட் மியூட் ஒலியின் நிறத்தைத்தான் மாற்றும், அக்கம்பக்கம் தூங்குவதற்கு அது உதவாது. பித்தளை ஸ்டாப் மியூட் சுருதியை அரை ஸ்வரம் ஏற்றிவிடும், அது வேறு வேலைக்கு. உங்களுக்கு வேண்டியது பிராக்டிஸ் மியூட், பெல்லை, அதாவது ஹார்னின் அகன்ற வாயைச் சுற்றிலும் அடைத்துக்கொண்டு சின்ன வழியாக மட்டும் காற்றை விடுவது. யமஹாவின் சைலன்ட் பிராஸ் போன்றவற்றில் உள்ளே மைக் இருக்கும், ஹெட்போனில் உங்கள் ஒலியை நீங்களே கேட்கலாம்.

ஆனால் எந்தப் பிராக்டிஸ் மியூட்டிலும் காற்று எதிர்த்துத் தள்ளும், கீழ் ஸ்வரங்கள் ஆட்டம் காணும், வலது கை பெல்லுக்குள் இருக்காது. இதிலேயே மாதக்கணக்கில் ஊதிப் பழகினால் பிறகு மியூட் இல்லாமல் ஊதும்போது சுருதி கைக்குள் நிற்காது. வாரத்தில் இரண்டு நாளாவது திறந்த பெல்லில், கையை உள்ளே வைத்து ஊத ஒரு இடம் தேடிக்கொள்ளுங்கள்.

பாதி எட்டு:
ரோட்டரி சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் சேர்ப்பது பணம் செலவாகாத விஷயம். எஃப் பக்கத்துக் குழாயின் நீளம் கிட்டத்தட்ட 3.7 மீட்டர். அதில் எட்டாவது ஹார்மானிக்குக்கு (வால்வைத் தொடாமல் உதட்டால் மட்டுமே ஒரே குழாயில் எழுப்பும் ஸ்வர வரிசையில் எட்டாவது) மேலே ஸ்வரங்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் உதடு துளி தவறினால் பக்கத்து ஸ்வரம் வந்து விழும். இதற்குக் கடையில் மருந்து இல்லை, காதுதான் வழி. போனில் ஒரு சுருதியைத் தொடர்ந்து ஒலிக்க விட்டு, அதன் மேல் நீண்ட ஸ்வரங்களை ஊதுங்கள். ஹார்னுக்குத் தாளில் எழுதும் ஸ்வரமும் ஒலிக்கும் ஸ்வரமும் வேறு, அதனால் சுருதி பார்க்கும் டியூனர் ஆப்பை எஃப்புக்கு மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள், இல்லையென்றால் தாளில் சி இருக்கும், அது எஃப் என்று காட்டும். பயிற்சிக்குக் கோப்ராஷ் என்பவர் ஹார்னுக்காக எழுதிய 60 எட்யூடுகள் (பயிற்சிப் பாடங்கள்) ஐஎம்எஸ்எல்பி என்ற இசைத்தாள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மவுத்பீஸ் பிரஷ் ஒன்று மட்டும் வாங்குங்கள், விலை குறைவு. ஒன்பது வருஷத்து அழுக்கு முதலில் அங்கேதான் இருக்கும்.

நாலாம் ஹார்ன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்றாவது வால்வின் மூடியைத் திறந்து பார்த்தேன், அச்சைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருக்கிறது, எண்ணெய் விட்டும் பாதிதான் இளகியது. ஸ்லைடோடு சேர்த்து அதையும் பழுதுபார்ப்பவரிடமே கொடுத்துவிடுகிறேன். மியூட்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். என் பெல் கொஞ்சம் அகலமான கழுத்து உள்ளது, மியூட் உள்ளே சரியாக உட்காருமா என்று எப்படிப் பார்ப்பது?

அதிகாலை ஊதல்:
ஹார்னையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ஓரத்தில் எங்கேயும் காற்று கசியக் கூடாது, பெல்லைக் கீழே பார்க்கத் திருப்பினாலும் விழக் கூடாது. அப்படியே கீழ் சி ஒன்றை மெல்ல ஊதிப் பாருங்கள், அது ஆடாமல் நின்றால் வாங்கலாம்.