புதுப்பிப்பு: சிங்கப்பூரில் மழைநாள்

கப்பல் சிங்கப்பூரில் நிற்கும் ஒரே நாளில் மழை பெய்தால் அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்று முன்பு கேட்டிருந்தேன். கிளிநொச்சிக்குத் திரும்பிவிட்டோம், சொல்கிறேன்.

விடியவே மழை. மார்கழி அல்லவா, எங்கள் இரணைமடுக் குளத்தை நிரப்பும் அதே வடகீழ்ப் பருவக்காற்றுதான் அங்கேயும். பூங்காத் திட்டத்தை விட்டுவிட்டோம். கப்பல் துறைக்குப் பக்கத்து நிலையமான மரினா சவுத் பியரில் சிவப்புத் தட ரயில் ஏறி, டோபி காட்டில் ஊதாவுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. பலகையில் தமிழைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டார். எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்வரை அசையவில்லை!

சிராங்கூன் சாலையில் கடைத் தாழ்வாரங்களுக்குள்ளேயே நடந்தோம், சந்திகளில்தான் நனைந்தோம். குடை? கப்பலில். நீங்கள் சொன்ன வீரமாகாளியம்மன் கோயில் மத்தியானம் பூட்டியிருந்தது. பிழை என்னுடையது, தேக்கா சந்தையில் அம்மா முருங்கைக்காய் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்க விட்டிருக்கக் கூடாது.