கே.எல். (கோலாலம்பூர்) – தியோமான் தீவு: பஸ், ஃபெரி, மெர்சிங் தண்ணி நேரம் – அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

பூச்சோங்வாசி:

தியோமானுக்கு ஃபெரி கிளம்பும் மெர்சிங் ஜெட்டியில் (படகுத்துறையில்) பார்த்த ஒரு காட்சி மனசை விட்டுப் போகவே இல்லை. இரவு பஸ்ஸில் வந்து விடியுமுன் இறங்கிய ஒரு குடும்பம். பாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள், நாலு பெட்டி. கவுண்டர் திறந்ததும் அப்பா போய்க் கேட்கிறார். முதல் ஃபெரி மதியம் ஒன்றரைக்கு என்கிறார்கள். "காலையில 7 மணிக்குன்னு சொன்னாங்களே" என்று மறுபடி மறுபடி கேட்கிறார். கவுண்டரில் இருந்த பெண் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். ஆற்றில் பாதி அகலத்துக்குச் சேறு. மீன்பிடி படகு ஒன்று விலாவில் சாய்ந்து கிடக்கிறது, அதன் சுக்கானுக்குக் கீழே கொக்கு மேய்கிறது.

அவரிடம் 7 மணி என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. முந்திய வாரம் 7 மணியாகத்தான் இருந்திருக்கும். மெர்சிங் ஜெட்டி ஆற்றுக்குள் இருக்கிறது. ஆற்றுவாயில் மணலும் சேறும் மேடு தட்டியிருப்பதால் தண்ணி வற்றிய நேரத்தில் ஃபெரி அதைத் தாண்ட முடியாது. தண்ணி ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிக்கொண்டே போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றும்போது இன்னும் அதிகமாக வற்றும். ஆகவே இந்த சனிக்கிழமை காலையில் போன ஃபெரி அடுத்த சனிக்கிழமை மதியம்தான் போகும். நிலையான கால அட்டவணை என்று ஒன்று கிடையாது. ஃபெரி நிறுவனம் மாதாமாதம் தேதிவாரியாக வெளியிடுவதுதான் கணக்கு.

எனவே வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் தேதிக்கான ஃபெரி நேரம். அதிலிருந்து ஜெட்டியில் பதிவுக்கு 1 மணி நேரம் கழியுங்கள். பிறகு பஸ்ஸுக்கு ஐந்தரை மணி. அதற்குப் பிறகுதான் டிக்கெட், கடைசியாகத் தங்கும் அறை. அறையை முதலில் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் ஜெட்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தாசேக் செலாத்தான்:

நல்ல இழை. கே.எல்.லில் தெற்கே போகும் பஸ்கள் கிளம்பும் முனையம் டிபிஎஸ், அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன். அங்கே அடிக்கடி கண்ணில் படுவது ஒரே காட்சிதான்: பஸ் புறப்பட 5 நிமிஷம் இருக்கும், ஒருவர் கைப்பேசியில் இணையச் சீட்டின் படத்தைக் காட்டிக்கொண்டு கேட் முன்னால் நிற்பார், ஸ்கேனர் பச்சை காட்டாது. பல பஸ் நிறுவனங்களின் இணையச் சீட்டு வெறும் முன்பதிவு உறுதி மட்டுமே. கவுண்டரிலோ தானியங்கி இயந்திரத்திலோ போர்டிங் பாஸ் எடுத்தால்தான் கேட் திறக்கும். சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படியுங்கள். வெள்ளிக்கிழமை இரவில் அந்த வரிசையே அரை மணி நேரம் பிடிக்கும்.

டிபிஎஸ் போக: கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் மிட் வேலி, செபுத்தே, சாலாக் செலாத்தான், அடுத்தது பண்டார் தாசேக் செலாத்தான். கேஎல்ஐஏ டிரான்சிட் வேகமானது, விலை கூட. ஸ்ரீ பெட்டாலிங் தட எல்ஆர்டியும் அங்கே நிற்கும். மூன்றிலிருந்தும் மேம்பாலத்தில் நடந்தே உள்ளே போய்விடலாம், சாலையில் இறங்க வேண்டாம். நள்ளிரவு பஸ் பிடிக்கிறவர்கள் கடைசி ரயிலை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

பழைய பழக்கத்தில் இன்னமும் பழைய பஸ் நிலையமான புடுராயா பக்கம் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். தெற்கே போகும் பஸ்கள் 2011லேயே டிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டன.

குளுவாங்காரன்:

பூச்சோங்வாசி அண்ணே, தண்ணி நேரம் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஐந்தரை மணி என்று பஸ்ஸுக்குக் கணக்குப் போட்டீங்களே, அதை ஒத்துக்கொள்ள முடியாது. வாரநாள் இரவில் வேண்டுமானால் அந்த நேரத்தில் போய்ச் சேரலாம். பள்ளி விடுமுறை, தீபாவளி, ஹரி ராயா வாரத்தில் சிரம்பான் வரைக்குமே 2 மணி நேரம் போய்விடும்.

பிளஸ் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பயணம் முடிந்த மாதிரி நினைக்கிறார்கள். உண்மையில் கஷ்டமான பகுதியே அதற்கப்புறம்தான். ஆயர் ஈத்தாம், குளுவாங், கஹாங், ஜெமாலுவாங், மெர்சிங். குளுவாங்கிலிருந்து மட்டும் 80 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி ஒருவழிக்கு ஒரு தடம்தான். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து போனால் வளைவு முடிகிறவரை பஸ் அதன் வாலைப் பிடித்துக்கொண்டேதான் போக வேண்டும். காட்டோரமாகப் போகிற சாலை. யானை கடக்கும் என்று மஞ்சள் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. கஹாங் தாண்டி ஒரு இரவு பஸ், விளக்கைத் தணித்துக்கொண்டு அப்படியே நின்றது. தார்ச்சாலை நடுவில் யானை ஒன்று காதை ஆட்டிக்கொண்டு நின்றது, பின்னால் குட்டி. ஹாரன் அடிக்காமல் ஓட்டுநர் காத்திருந்தார். அதுதான் முறை. பின்னாலிருந்து "ஹாரன் அடிங்க, ஃபெரி போயிடும்" என்று கத்திய பயணிகளுக்கு அது தெரியவில்லை.

அதனால் காலை ஃபெரி என்றால் இரவு பஸ், மதிய ஃபெரி என்றால் விடியற்காலை பஸ், எதுவானாலும் இடையில் 2 மணி நேரம் சும்மா விடுங்கள். சீட்டு எடுக்கும்போது மெர்சிங் நேரடி பஸ்ஸா, குவாந்தான் சுற்றிப் போகிறதா என்றும் கேளுங்கள். சுற்றிப் போவது பல மணி நேரம் கூடுதல்.

லார்க்கின் ராணி:

கே.எல். ஆட்கள் எல்லாம் எழுதிவிட்டீர்கள். ஜே.பி.யிலிருந்து (ஜொகூர் பாரு) லார்க்கின் முனையத்து பஸ்ஸில் இரண்டரை மூன்று மணி நேரத்தில் மெர்சிங். யானையும் வேண்டாம் லாரியும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கோத்தா திங்கி சாலையிலும் இரண்டும் உண்டு.

நான் சொல்ல வந்தது ஜெட்டியைப் பற்றி. தியோமானுக்கு இரண்டு ஜெட்டியிலிருந்து ஃபெரி போகிறது. ஒன்று ஜொகூரில் மெர்சிங். இன்னொன்று எண்டாவ் ஆற்றைத் தாண்டி பகாங்கில் தஞ்சோங் கெமோக். இரண்டுக்கும் இடையே 40 கிலோமீட்டர் போல வரும். இணையத்தில் "தியோமான் ஃபெரி" என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். மெர்சிங் கவுண்டரில் ஒரு இளம் ஜோடி சீட்டை நீட்டுகிறார்கள். கவுண்டர்காரர் அதைத் திருப்பி அவர்கள் பக்கமே வைத்து, ஜெட்டியின் பெயர் மேல் விரலை வைத்தார். கெமோக். புறப்பட 40 நிமிஷம் இருந்தது. டாக்சிக்கு ஓடினார்கள். கே.எல். பஸ் உங்களை மெர்சிங்கில்தான் இறக்கும் என்றால் ஃபெரி சீட்டும் மெர்சிங்கிலிருந்துதானா என்று இரண்டு தடவை பாருங்கள்.

காசு: கடல் பூங்காக் கட்டணம் உண்டு, மலேசியருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறு வேறு. மெர்சிங்கில் ஜொகூர் பூங்காவுக்கு என்று தனியாக ஒன்றும் வாங்குவார்கள். இரண்டும் ஃபெரி சீட்டில் சேராது. அந்த ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள், ஏறும்போது கேட்பார்கள். அடையாள அட்டை, வெளிநாட்டவருக்குக் கடப்பிதழ், மேலேயே இருக்கட்டும். பெயர்ப் பட்டியலில் எழுதாமல் யாரையும் ஏற்றமாட்டார்கள்.

தீவில் ஏடிஎம் தெக்கெக் கிராமத்தில்தான். விடுமுறை நாளில் அதில் பணம் தீர்ந்துவிடும். தேவையான ரொக்கத்தை மெர்சிங் டவுனிலேயே எடுத்துவிடுங்கள்.

கடல்மீன்:

ஃபெரி போகும் வழியில் ஐந்து இடம்: கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங். தெற்கிலிருந்து வடக்கே இந்த வரிசைதான். எந்த ஜெட்டி என்று உரக்க அறிவிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கெந்திங்கில் நடந்தது. ஃபெரி கயிறு போட்டு நின்றது, நாலைந்து பேர் இறங்கினார்கள். ஒரு அம்மா சன்னல் வழியாகப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திடுக்கென்று எழுந்தார். அது அவர் இறங்க வேண்டிய இடம். பெட்டியோ முன்பக்கக் குவியலில் அடியில், மேலே சாலாங் போகிறவர்களின் முக்குளிப்புப் பைகள், ஐஸ் பெட்டி, முட்டைத் தட்டு. படகுப் பையன்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, கயிற்றைப் பிடித்தவன் கேப்டனையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டி கிடைத்தது, அதன் கைப்பிடி கிடைக்கவில்லை.

பையில் இறங்கும் ஜெட்டியின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கெந்திங், பாயா ஆட்கள் கடைசியில் ஏறினால் பை மேலே இருக்கும். மருந்து, கைப்பேசி, பிள்ளையின் பால் புட்டி மடியிலேயே. உப்புத் தண்ணி தெறிக்கும், பெட்டிக்குக் குப்பைப் பை ஒன்றை உறையாகப் போட்டுவிடுங்கள்.

திரும்பும்போது இதே வரிசை தலைகீழ். சாலாங்கில் முதலில் ஏறுவார்கள், கெந்திங்கில் கடைசி. நெரிசல் நாளில் கெந்திங் ஆட்களுக்குக் கிடைப்பது ஒட்டுமொத்தத்தில் மிஞ்சிய இருக்கைதான். திரும்பும் தேதியை முந்திய நாளே ஃபெரி கவுண்டரிலோ தங்கும் இடத்திலோ சொல்லி உறுதி செய்யுங்கள்.

மருந்துக்கடை:

போன வாரம் பயணம் போய் வந்த ஒருவர் கடைக்கு வந்து, "மாத்திரை போட்டும் வாந்தி நிக்கல" என்றார். எப்போது போட்டீர்கள் என்றால், படகு ஆட ஆரம்பித்த பிறகு. அதனால் எழுதுகிறேன்.

டைமென்ஹைட்ரினேட் மாத்திரை, இங்கே நோவோமின் என்று கேட்டால் கொடுப்பார்கள், 50 மில்லிகிராம். ஏறுவதற்கு அரை மணி முதல் 1 மணி நேரம் முன்பு போட வேண்டும். வயிறு புரண்ட பிறகு விழுங்கினால் அது ரத்தத்தில் சேருமுன்பே வெளியே வந்துவிடும். தூக்கம் வரும், மெர்சிங் வரை காடி ஓட்டி வருகிறவர் போட்டுவிட்டு ஓட்டக் கூடாது. குழந்தைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது, மருந்தாளரிடம் கேட்காமல் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். கண் நீர் அழுத்தம் (குளுக்கோமா), புரோஸ்டேட் பிரச்சினை உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மாத்திரையைவிட இருக்கை முக்கியம். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். நடுவில், கீழ்த்தளத்தில், வெளியே அடிவானம் தெரிகிற சன்னல் பக்கம் உட்காருங்கள். கடைசி வரிசையில் ஆட்டம் குறைவு, ஆனால் டீசல் புகை சூழ்ந்துகொள்ளும், அந்த வாசமே பலருக்குப் போதும். கைப்பேசியைப் பார்க்காதீர்கள். உள் காதுக்கு ஆட்டம் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, மூளை குழம்புகிறது. குமட்டலுக்குக் காரணம் அதுதான்.

பசியாறாமல் ஏறுவதும் தப்பு. வெறும் வயிற்றில் பித்தம்தான் மேலே வரும். ஏறுவதற்கு 1 மணி நேரம் முன் காய்ந்த ரொட்டி, பிஸ்கட், இட்லி என்றால் நல்லது. சம்பால் ஊற்றிய நாசி லெமாக்கும் தே தாரிக்கும் தீவில் இறங்கிச் சாப்பிடலாம்.

பூச்சோங்வாசி:

குளுவாங்காரன் சொன்ன 2 மணி நேர இடைவெளியை ஏற்றுக்கொள்கிறேன். திரும்பும்போதும் அதே கணக்கைப் போட வேண்டும். தீவிலிருந்து ஃபெரி தாமதமாகக் கிளம்பலாம், ஆற்றுவாயில் தண்ணி போதாமல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கவும் நேரலாம். மெர்சிங்கில் ஃபெரி வந்து சேரும் நேரத்துக்கும் கே.எல். பஸ்ஸுக்கும் 1 மணி நேரம் மட்டும் விட்டு டிக்கெட் எடுக்கிறவர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

வாடைக்காற்று:

யாரும் மழைக்காலத்தைச் சொல்லவில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில்தான் மோதும். சேவை குறையும், சில நாள் முழுக்க ரத்தாகும், தங்கும் விடுதிகள் பல கதவைச் சாத்திவிடும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் தியோமான் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை திட்டமிடுங்கள்.

இன்னொன்று. 2007 அக்டோபரில் இதே தடத்தில் ஒரு ஃபெரி தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனது. அது தெரிந்தவர்கள் ஏறியதும் முதலில் பார்ப்பது, உயிர்காப்புக் கவசம் எங்கே இருக்கிறது, பின்பக்கக் கதவு திறக்கிறதா என்பதை. பெட்டிகள் கதவை அடைத்துக் கிடந்தால் படகுப் பையனைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குச் சின்ன அளவுக் கவசம் தனியாக இருக்கும், கிளம்புமுன் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள்.

செந்தூல் பொண்ணு:

ஜுவாரா போகணும். எந்த ஜெட்டியில் இறங்குவது?

கடல்மீன்:

தெக்கெக், தங்கச்சி. ஜுவாரா தீவின் கிழக்குப் பக்கம், நேரடி ஃபெரி கிடையாது. தெக்கெக்கிலிருந்து மலையைத் தாண்டிச் செங்குத்தான காங்கிரீட் சாலை, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும். தங்கும் இடத்துக்கு முந்திய நாளே ஃபெரி நேரத்தை அனுப்பினால் வண்டி ஜெட்டியில் நிற்கும். தனியாகப் பிடித்தால் ஆள் கணக்கா வண்டி கணக்கா என்று ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் நடந்தும் போகலாம், பெட்டியோடு முடியாது. சாயங்கால ஃபெரியில் வந்தால் நடக்கவே வேண்டாம், காட்டுக்குள் சீக்கிரம் இருட்டிவிடும். மணல் ஈ கடிக்கு எண்ணெய் மெர்சிங்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஜுவாரா கடற்கரையில் சாயங்காலம் அது இல்லாமல் உட்கார முடியாது.