ஸ்காட்லாந்துக்காரர்களின் விருந்தோம்பல்: பழகியவர்கள் சொல்லுங்கள்

திரி தொடங்கியவர்
ஸ்காட்லாந்து போய்வந்த எல்லாரும் "எவ்வளவு நல்ல மனுஷங்க" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். புதிதாகப் போகிறவருக்கு அது போதாது. அங்கே எங்கெங்கே எப்படிப் பழகுவார்கள், பதிலுக்கு நாம் என்ன செய்ய வேண்டும், எதில் சொதப்புவோம்? பயணக் கதை வேண்டாம், விவரம் மட்டும் எழுதுங்கள்.

கிளைட்கரை
கிளாஸ்கோவிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பேச்சை அவர்களே ஆரம்பிப்பார்கள். பஸ் ஸ்டாப்பிலோ கடை வரிசையிலோ முதலில் மழையைப் பற்றி ஒரு வார்த்தை வரும், அடுத்து எந்த ஊர் என்ற கேள்வி. "வேர் டு யூ ஸ்டே?" என்றால் தங்கியிருக்கும் ஹோட்டலைக் கேட்கவில்லை, குடியிருக்கும் இடத்தைக் கேட்கிறார்கள். பெண்களை "ஹென்" என்றும் ஆண்களை "பால்" என்றும் கூப்பிடுவது அன்புதான். "ஐ, ரைட்" என்பது மட்டும் ஆமோதிப்பு மாதிரி ஒலிக்கும், ஆனால் அர்த்தம் "நம்பிட்டேன், போ". கிண்டல் ஆரம்பித்துவிட்டால் உங்களைப் பிடித்துப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். திருப்பிக் கிண்டல் செய்யுங்கள். முகம் சுண்டினால் அதோடு பேச்சு நின்றுவிடும்.

பஸ்சிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றியாக "சியர்ஸ்" சொல்லாமல் இறங்காதீர்கள். ஊரின் இரண்டு கால்பந்து அணிகளான செல்டிக்கின் பச்சை-வெள்ளை ஜெர்சியோ ரேஞ்சர்ஸின் நீல ஜெர்சியோ போட்டுக்கொண்டு பப்புக்குப் போகாதீர்கள். அதன் பின்னால் பழைய மதப் பகை இருக்கிறது. கால்பந்து நிறங்களுக்கு அனுமதி இல்லை என்று சில பப் வாசலிலேயே எழுதிவைத்திருப்பார்கள்.

அப்புறம் அந்த "டீ". சாயங்காலம் "டீ"க்கு வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தால் பெரும்பாலும் அது இரவுச் சாப்பாடு, ஐந்தரை ஆறு மணிக்கே. வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். எடின்பரோக்காரர்கள் கதவைத் திறந்ததும் "டீயை முடிச்சிட்டுத்தான் வந்திருப்பீங்க" என்பார்களாம். கிளாஸ்கோவில் இந்தக் கேலியைச் சொல்லிச் சலிப்பதே இல்லை. எடின்பரோ அவ்வளவு மோசமில்லை. ஆகஸ்ட் திருவிழாக் கூட்டத்தில் போய்விட்டு ஊரைக் குறை சொல்லாதீர்கள்.

மூன்றாம் சுற்று
பப் விஷயத்தை விட்டுவிட்டார். நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் நால்வருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவருடையது. யாராவது உங்களுக்கு ஒன்று வாங்கித் தந்தால் நீங்களும் அந்தச் சுற்றுக்குள் வந்துவிட்டீர்கள். குடிக்காதவர் ஐர்ன்-ப்ரூ என்ற உள்ளூர்ச் சோடா கேட்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் முறை வரும்போது மற்றவர்களின் விஸ்கிக்கும் சேர்த்து நீங்கள்தான் கொடுக்க வேண்டும். சீக்கிரம் கிளம்புகிறவர் முதல் சுற்றையே வாங்கிவிடுவது நல்லது. தன் முறை வரும்போது கழிவறைக்குப் போகிறவரை அந்த ஊர் சுலபத்தில் மறக்காது.

மால்ட் விஸ்கியில் சில சொட்டுத் தண்ணீர் விடுவது குற்றமில்லை, அவர்களே விடுவார்கள். கோப்பையைத் தூக்கி "ஸ்லாஞ்ச வா" என்றால் போதும். வண்டி ஓட்டுபவர் வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார்கள். 2014 டிசம்பர் 5 முதல் அங்கே வண்டி ஓட்டுபவருக்கு மது வரம்பு 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. இங்கிலாந்தில் 80. எல்லை தாண்டி வருகிறவர்கள் பழைய கணக்கில் ஒரு பைன்ட் பீர் அடித்துவிட்டு மாட்டுவது இதனால்தான்.

ஒற்றைத்தடம்
ஸ்கை தீவு, வடக்கு மலைப்பகுதி பக்கம் விருந்தோம்பல் சாலையிலேயே தொடங்குகிறது. ஒரு கார் அகலச் சாலை, நடுநடுவே ஒதுங்கும் இடம். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் ஒதுங்கிக் கடப்பார். வலப்பக்கம் பாய்ந்து போய் நிற்காதீர்கள், எல்லாரும் குழம்புவார்கள். பின்னால் வேகமாக வருகிறவருக்கும் வழிவிட வேண்டும், அவர் வேலைக்கோ படகைப் பிடிக்கவோ போகிற உள்ளூர்க்காரர். கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்குங்கள்.

அந்த ஒதுங்கும் இடத்தில் போட்டோவுக்காக வண்டியை நிறுத்துவதுதான் அங்கே மிகப் பெரிய எரிச்சல். 2015-இல் வடக்கு மலைப்பகுதியைச் சுற்றிவரும் வட்டப்பாதைக்கு நார்த் கோஸ்ட் 500 என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்த பிறகு, உள்ளேயே படுத்துத் தங்கும் கேம்பர்வேன் வண்டிகள் குவிந்துவிட்டன. கழிவறைத் தொட்டியைக் கண்ட இடத்தில் கொட்டுகிறவர்களும் வந்தார்கள். சில கிராமங்களில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று புகார் சொல்கிறவர்கள் இதையும் யோசிக்கட்டும். கழிவைக் கொட்ட கேம்ப்சைட்டில் தனி இடம் உண்டு.

சாலையோரப் பெட்டியில் முட்டை, ஸ்கோன், கேக் வைத்து, பக்கத்தில் காசு டப்பா மட்டும் இருக்கும். ஆள் இருக்க மாட்டார். ஒன்று, இரண்டு பவுண்டு நாணயம் கையோடு வைத்திருங்கள். சில்லறை இல்லையென்றால் எடுக்காதீர்கள்.

கொழுந்து
சாப்பாட்டுக்கு வருகிறேன். தங்கும் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்கான சீட்டை முந்தின இரவே நிரப்பித் தருவது வழக்கம். சைவம் என்று எழுதினால் மட்டும் போதாது. உருளைக்கிழங்கு ஸ்கோன் சைவம்தான், ஆனால் பேகன் என்ற பன்றி இறைச்சியைப் பொரித்த அதே வாணலியில் சுடலாம். தனி வாணலி என்று சொல்லிவிடுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். ஹாகிஸ் ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலோடு ஓட்ஸும் சேர்ந்தது. பருப்பு, பீன்ஸ், ஓட்ஸ் போட்ட சைவ ஹாகிஸும் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது.

மேற்குத் தீவுகளில் "ஸ்ட்ரூபக்" என்று ஒரு சொல் உண்டு, டீயும் கூடவே ஏதாவது பலகாரமும். கதவு தட்டியவருக்கு அது தானாக வரும். நம் வழக்கப்படி மரியாதைக்கு மூன்று முறை "வேண்டாங்க" சொல்லாதீர்கள்; இரண்டாவது தடவையே நிஜமாக வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மலைநடை
"பாதி" (bothy) என்ற மலைக் குடில்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965-இல் தொடங்கிய தன்னார்வச் சங்கம் ஏறக்குறைய நூறு குடில்களைப் பராமரிக்கிறது. வாடகை இல்லை, முன்பதிவு இல்லை. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடையாது, பெரும்பாலும் கழிவறையும் இல்லை. மண்வெட்டியோடு ஓடையை விட்டு வெகுதூரம் போக வேண்டும். விறகு நீங்களே சுமந்து போங்கள், பச்சை மரத்தை வெட்டாதீர்கள். நள்ளிரவில் நனைந்து வருகிறவருக்கும் நகர்ந்து இடம் கொடுப்பதுதான் அங்கே முறை. அதனாலேயே ஆறு பேர், அதற்கு மேல் கும்பலாகப் போகக் கூடாது.

அடைக்கலம் என்பது அந்த மலைகளில் விளையாட்டல்ல. 1692 பிப்ரவரி 13 விடியலுக்கு முன், கிளென்கோ பள்ளத்தாக்கில் மக்டொனால்டு குலத்தாரின் வீடுகளில் ஏறக்குறைய இரண்டு வாரம் உண்டு உறங்கிய படைவீரர்கள், விருந்து கொடுத்தவர்களையே வெட்டினார்கள். தலைமை தாங்கியவர் கேம்பல் குலத்துக்காரர். போரில் அதைவிட அதிகம் பேர் செத்த நாட்களை ஊர் மறந்துவிட்டது. இதை மறக்கவில்லை, நம்பிக்கைத் துரோகக் கொலை என்பதால். கிளென்கோவின் கிளாஹிக் விடுதியில் கேம்பல்களுக்கு அனுமதி இல்லை என்று இன்றும் ஒரு பலகை உண்டு, பாதி வேடிக்கையாக.

கிளைட்கரை
ஒன்று விட்டுப்போயிற்று, ஹாக்மனே என்ற புத்தாண்டு இரவு. டிசம்பர் 31 இரவு மணி பன்னிரண்டு அடித்தபின் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் கறுப்பு முடிக்காரராக இருந்தால் அந்த வருஷம் அதிர்ஷ்டம் என்பார்கள். நம்மவர்களுக்கு அன்று கிராக்கி. ஏற்கெனவே உள்ளே இருந்தால் கணக்கில் வராது. 12-க்கு முன்பே வெளியே போய்க் குளிரில் நின்று, பிறகு கதவைத் தட்ட வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது: ஒரு துண்டு நிலக்கரி, ஷார்ட்பிரெட், ஒரு புட்டி விஸ்கி. கடையில் மது இரவு பத்து மணி வரைதான் விற்கலாம், முன்னதாகவே வாங்கிவிடுங்கள். ஜனவரி 2-உம் அங்கே விடுமுறை.